கரைக்கடலில் முறை வேண்டும்

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில், கோடை முற்றிக் கண்மாய் வற்றும் நாளில் நடைபெறும் மீன்பிடி விழாவை அறியாதார் இரார். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் விடியுமுன்னரே சுற்றுப்பட்டு ஊரார் வந்து குழுமிவிடுகின்றனர். ஒருவர் கையில் ஊத்தா. ஒருவர் கையில் கச்சா. சிறுவர்க்குப் பழைய வேட்டித் துணியே வலை. கண்ணெதிரே விரால் துள்ளுகின்றது. ஆயினும் ஒருவர் காலும் நீரில் நனைவதில்லை. ஊர்ப்பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுகின்றார். அதன் பின்னரே கூட்டம் இறங்குகின்றது. எழுதிய சட்டம் ஒன்றும் இதற்கு இல்லை. துண்டு வீசுமுன் இறங்கியவனை ஊர் பொறாது என்பதே சட்டம்.

இவ்விழாவில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. வயலுக்கு நீர் பாய்ந்து, கதிர் அறுத்து, மடைக்கு வேலையற்றுப் போன பின்னரே மீன்பிடிக்கு நாள் குறிக்கின்றனர். உழவன் தொழில் முந்தியது. ஊரின் ஆட்டமும் பாட்டும் பிந்தியவை. ஒரே நீரை இருவேறு பயன்கட்குப் பகிர்ந்துகொள்ளும் கலையைத் தமிழன் எவரிடமும் கற்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கண்மாயில் உள்ள இம்முறை இன்று கடலில் வேண்டப்படுகின்றது.

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லையிலும் அலைமேல் பலகையிட்டு நின்று சறுக்கும் விளையாட்டு இப்பொழுது நன்கு வேரூன்றியுள்ளது. அதனை அலைச்சறுக்கு என்று தமிழிற் சொல்லலாம். செய்தித்தாள்கள் சிலவும் அவ்வாறே எழுதுகின்றன. ஆயினும் கடற்கரைப் பிள்ளைகள் வாயில் 'சர்பிங்' என்பதே வழங்குகின்றது. 2021இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக்குப் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2025ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லையிலேயே நடைபெற்றது. கோவளத்துக் குப்பத்து இளைஞர் பலர் இதிற் சிறந்து விளங்குகின்றனர். பலகை வாடகைக்கு விட்டும் வெளியூரார்க்குப் பயிற்சியளித்தும் பிழைக்கின்றனர். எனவே இஃது அயலார் ஆட்டம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

தள்ளவும் இயலாது. மரங்களைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் நின்று, உடையும் அலையைக் கிழித்துச் சென்று மீண்டவன் தமிழ்ப் பரதவன். கட்டுமரம் என்னும் அவன் சொல்லையே மேலையர் பதினேழாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டு, இன்று இரட்டையுடற் படகுகட்குப் பெயராக வழங்குகின்றனர். நம் கட்டுமரத்திற்கும் அப்படகிற்கும் வடிவில் ஒப்புமை இல்லை. பெயர் மட்டும் நம்முடையது. கடன் கொடுத்தவன் வாயிலோ இன்று கட்டுமரம் என்னும் சொல்லும் அருகி வருகின்றது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப்பின் 'பைபர் படகு' அதன் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் மீன்வேட்டை ஒழிந்து, உண்டு களித்து, பாயும் அலையில் ஆடுகின்றனர். வேட்டைக்கு ஒரு நாள், ஆட்டத்திற்கு ஒரு நாள் என்ற பகுப்பு அங்கேயே உள்ளது. ஆடியவரும் வேட்டுவரும் ஒருவரேயாதலின் அவரிடைப் பிணக்கும் எழவில்லை. இன்று ஆடுவார் வேறு, உழைப்பார் வேறாயினர். பிணக்கின் வேர் அங்கேதான் உள்ளது.

இடர் எவ்வாறு நேர்கின்றது என்பதை மதுரைச் சமவெளியில் இருப்போர் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அலை ஆழ்கடலில் உடைவதில்லை. கரையை அணுகி, நீரின் ஆழம் அலையின் உயரத்திற்கு ஏறத்தாழ ஒப்பாகும் இடத்தில், அடிப்பகுதி தரையில் தடைப்பட மேற்பகுதி முன்னோக்கிச் சரிகின்றது. அவ்வொடுங்கிய நீர்ப்பட்டையே சறுக்குவார்க்கு ஆடுகளம். மீனவர்க்கோ அதுவே வாயில். துறைமுகம் இல்லாக் குப்பத்தில் ஒவ்வொரு படகும் அவ்வாயில் வழியே புறப்பட்டு அவ்வாயில் வழியே மீளவேண்டும்.

மீளும் படகைக் கண்டவர்க்கே அதன் கடுமை தெரியும். படகோட்டி அலைகளை எண்ணிக் காத்திருக்கின்றார். பெரிய அலைகள் கழிந்தவுடன் பொறியை முடுக்கி, ஓரலையின் முதுகில் ஏறி, அதனோடு ஒரே விரைவில் மணலுக்குப் பாய்கின்றார். நடுவழியில் நிறுத்தினால் பின்வரும் அலை படகைக் கவிழ்க்கும். பக்கவாட்டில் திருப்பினாலும் கவிழ்க்கும். முன்னே செல்லும் அலையின் மறுபுறத்தில் பலகைமேல் படுத்திருக்கும் ஒருவன் தலை அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்செய்வார்? படகின் பின்னே, நீண்ட தண்டின் நுனியில், சுழல்விசிறி நீரை அறுத்துக்கொண்டிருக்கின்றது. சறுக்குபவன் விலகக்கூடும், படகு விலகக்கூடாது. ஆதலின் யார் வழிவிடுவது என்னும் வினாவிற்கு விடையை உரிமைநூல் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. கடலே சொல்லிவிட்டது.

கரைவலை இதனினும் நுட்பமானது. வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் வைத்துவிட்டு, படகு கடலுக்குள் வளைந்து சென்று வலையை இறக்கி, மறுமுனைக் கயிற்றுடன் வேறோர் இடத்தில் கரையேறுகின்றது. பின்னர் இருபுறமும் ஆட்கள் நின்று நெடுநேரம் இழுக்கின்றனர். அத்துணை நேரமும் இரு கயிறுகளும் அலையுடையும் பட்டையின் குறுக்கே, நீர்மட்டத்திலும் அதன் கீழுமாக, விறைத்து நிற்கின்றன. சறுக்குபவன் கணுக்காலையும் பலகையையும் ஒரு வார் பிணைத்திருக்கின்றது. அவ்வார் கரைவலைக் கயிற்றில் சிக்கினால் அலை அவனை நீருக்குள் அழுத்தும். அவனை விடுவிக்கக் கயிற்றைத் தளர்த்தினால் வலைக்குள் இருந்த மீன் போகும். ஒரு பாட்டின் மீனே பத்திருபது குடும்பத்தின் அன்றைய அடுப்பு. அவ்விழப்பை யார் ஈடுசெய்வது என்று எந்தப் பயிற்சிப் பள்ளியும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவேண்டும்.

காலமும் இப்பிணக்கிற்குத் துணைபோகின்றது. கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகட்குத் தடை. நாட்டுப்படகுகளோ கரையோரத்தில் நாடோறும் செல்கின்றன. தெற்கிலிருந்து வரும் அலைகள் ஒழுங்குபடத் தொடங்கி, சறுக்குவார் பெருகுவதும் அத்திங்கள்களில்தான்.

"கடல் பொது; எவர்க்கும் தடையில்லை" என்பார் உளர். பொது என்பதை முறையின்மை என்று பொருள்கொள்ளுதல் தவறு. சறுக்குவோர்க்குள்ளேயே ஓரலைக்கு ஒருவர் என்னும் நெறி உண்டு, அலை முதலில் உடையும் இடத்திற்கு அண்மையில் இருப்பவர்க்கே அவ்வலை உரியது, மற்றையோர் விலகவேண்டும். தமக்குள் இத்துணை நுண்ணிய முறை காப்பவர், தமக்கு முன்னரே அத்துறையில் நிலவும் முறையைக் கேட்டறிய மறுப்பது எவ்வாறு தகும்? சோழமண்டலக் கரையின் குப்பங்களில் எவ்வலையை எப்பொழுது இடலாம், எதனை இடலாகாது என்று ஊராரே கூடி முடிவுசெய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

ஊரறியாமல் கரைக்கடலுக்குள் புகுந்ததன் விளைவை ஒருமுறை பார்த்தாயிற்று. 1970களில் விசைப்படகுகள் பெருகி நாட்டுப்படகுகளின் வலைகளை அறுத்துச் சென்றபொழுது கரையெங்கும் பூசல் மூண்டது, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் பின்னரே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல், அஃதாவது ஏறத்தாழ ஐந்தரைப் புதுக்கல், நாட்டுப்படகுகட்கென ஒதுக்கப்பட்டது. பாக்கு நீரிணையில் கிழமைக்கு மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்னும் முறையும் ஏற்பட்டது. சட்டம் பலவிடத்தும் மீறப்படுகின்றது என்பது உண்மை. எனினும் நாள்முறை என்பது மீனவர்க்குப் புதியதன்று, அவர்கள் ஏற்று நடந்ததே என்பதை அது காட்டும்.

மதுரைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாரும் இருக்கக்கூடும். மீன்கொடி பிடித்த பாண்டியன் தலைநகர் இது, கொற்கைத்துறை அவனுடையது. பழம்பெருமை கிடக்கட்டும். மாட்டுத்தாவணி மீன்சந்தைக்கு விடியலில் வந்திறங்கும் மீன் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து வருவது. விடுமுறை தோறும் மதுரை இளைஞர் உந்துவண்டியேறிக் கடல் பார்க்கச் செல்வதும் அக்கரைகட்கே. பாக்கு நீரிணை அலையடங்கிய நீராதலின் அங்கே அலைச்சறுக்கு இல்லை. ஆனால் பிறப்பன்வலசை போன்ற இடங்களில் துடுப்புப் படகு விளையாட்டுகள் தொடங்கியுள்ளன. மீனவர் வலையும் கடற்பாசி எடுக்கும் பெண்டிர் மூழ்கும் இடமும் அதே ஆழமற்ற நீரில்தான் உள்ளன. நீச்சலறியாத சமவெளிப் பிள்ளை அங்கே இறங்குமுன் அவனுக்கு எவர் சொல்வது, எம்மொழியிற் சொல்வது?

மொழியைப் பற்றிய வினா இங்கே அழகுக்காக எழுப்பப்படுவதன்று. உயிர்காக்கும் அறிவிப்பு ஒருவனுக்குப் புரியாத மொழியில் இருந்தால் அஃது அறிவிப்பாகாது. கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டுச் சோர்ந்து மாள்கின்றான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் பிழைக்கின்றான். இவ்வொரு செய்தியைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒவ்வொரு துறையிலும் நட்டால் எத்துணையோ உயிர் மிஞ்சும். அவ்வாறே வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயராலேயே கடலின் நிலையை உரைக்கும் பரதவர் சொற்கள் பயிற்சிப் பள்ளிகளின் முதற்பாடமாதல் வேண்டும். அச்சொற்களை அறிந்த முதியவர் கரையிலேயே வலை பின்னிக்கொண்டு அமர்ந்திருக்கின்றார், அயல்நூலைப் புரட்டவேண்டியதில்லை.

2021இல் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மைக்கும் பாதுகாப்பிற்கும் உலகளவில் வழங்கும் சான்று அது, பெற்றது நன்றே. ஆயின் கரையை அளந்து இது குளிக்குமிடம், இது விளையாடுமிடம் என்று கயிறு கட்டும்பொழுது, படகேற்றும் இடத்தையும் கரைவலை இழுக்கும் இடத்தையும் முதலில் கோடிட்டுவிட்டு எஞ்சியதையே பிறர்க்குப் பகுத்தல் வேண்டும். விருந்தினர்க்கு இடம் விட்டு வீட்டுக்காரன் திண்ணையில் ஒதுங்கும் வழக்கம் ஒருநாளைக்குப் பொருந்தும். ஆண்டு முழுதும் பொருந்தாது.

செய்யவேண்டியது பெரும் பொருட்செலவில் ஆவதன்று. ஏப்பிரலுக்கு முன்னர் ஒவ்வொரு குப்பத்திலும் ஊராரும் பயிற்சியாளரும் ஒருமுறை கூடி, படகு மீளும் காலை வேளையையும் கரைவலை நாளையும் குறித்துக்கொள்ளலாம். அவ்வேளையில் பலகைகள் மணலிலேயே கிடக்கட்டும். பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு, அறுந்த வலைக்கும் இழந்த பாட்டுக்கும் ஈடாக ஊர்ப்பொதுவில் சேரட்டும். கடைசிப் படகு கரையேறியதும், மணல்மேட்டில் நிற்கும் மீனவர் ஒருவர் மேலூர்க் கண்மாய்க் கரைப் பெரியவரைப் போலத் துண்டை வீசினால் போதும்; பலகைகள் அதன்பின் நீரில் இறங்கலாம்.