புகை போய் விழுந்த கடல்

1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்தச் செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலையே அறிவித்தார்கள். நமக்கு மூச்சு முட்டிய அதே காலத்தில் சுமத்ராவுக்கு மேற்கே கடலும் மூச்சுத் திணறியது பலருக்குத் தெரியாது.

கடலில் உணவுச் சங்கிலி, கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்தாவரங்களில் தொடங்குகிறது. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை. இவற்றுக்கு வெயில் மேலே கிடைக்கிறது. சத்தோ ஆழத்துக் குளிர்நீரில் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் மேலே கிடக்கும் வெந்நீர், பானைக்கு மூடிபோல அந்தச் சத்தை அடைத்து வைக்கிறது. மூடியைத் திறப்பதும் அடைப்பதும் காற்று.

1997இல் இரண்டு பெருங்கடல்களில் காற்று முறை மாறியது. பசிபிக்கில் எல் நினோ. கிழக்கிலிருந்து வீசும் காற்று தளர்ந்து, வெந்நீர் பெரு நாட்டுக் கரைவரை பரவியது. ஆழத்துச் சத்து மேலே வராததால் நுண்தாவரங்கள் குறைந்தன. அவற்றை நம்பி வாழும் நெத்திலி வகை மீன்களும் குறைந்தன. 1998இல் பெருவின் மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது.

நம் பக்கம் நடந்தது நேர்மாறு. இந்தியப் பெருங்கடலில் காற்று திசை மாறி, வெந்நீர் ஆப்பிரிக்கப் பக்கம் நகர்ந்தது. சுமத்ரா, ஜாவா கரையோரம் குளிர்நீர் மேலெழுந்தது. ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்று இதற்குப் பெயர் வைத்ததே 1999இல்தான். கடல் குளிர்ந்ததும் மேகம் குறைந்தது. எல் நினோவும் சேர்ந்துகொள்ள, இந்தோனேசியா வறண்டது. வறண்ட காட்டில் வைத்த தீ அடங்கவில்லை. கடலிலோ நுண்தாவரங்கள் மண்டிப் பெருகின. அந்த ஆகஸ்டில் ஏவப்பட்ட துணைக்கோள் ஒன்று, கடலின் நிறமாற்றத்தைக் கொண்டே அதைக் கண்டது.

சத்து கூடினால் நல்லதுதானே? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மெந்தாவாய் தீவுகளை ஒட்டிக் கடல் சிவந்தது. பெருகிய உயிரிகள் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பவளங்களும் மீன்களும் கூட்டங்கூட்டமாய் மாண்டன. காட்டுத்தீப் புகையிலிருந்த இரும்புச்சத்து கடலில் விழுந்து உரமாகியிருக்கலாம் என்று 2003இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. தீயின் பங்கு குறித்துக் கேள்வி எழுப்பிய ஆய்வாளர்களும் உண்டு.

2015இலும் 2019இலும் இந்தக் கடல் அலைவும் புகைமூட்டமும் சேர்ந்தே வந்தன. இனியும் வரும். காற்று திசை மாறுவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் வறட்சிக் காலத்தில் சதுப்புக் காட்டுக்குத் தீ வைப்பது மனிதர் செயல், அதைத் தடுக்கலாம். அடுத்த எல் நினோ எச்சரிக்கை வரும்போது நாம் முகக்கவசம் வாங்கி வைப்போம். மீனுக்கும் பவளத்துக்கும் அந்த வசதி இல்லை.