பிள்ளை ஏன் வாய் திறக்கவில்லை?

சிறு பிள்ளையொன்றுக்குத் தீங்கு நடந்ததென்று தெரிய வந்ததும், "முதலே ஏன் சொல்லவில்லை?" என்று பிள்ளையைத்தான் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒரு திரைப்படம் விமர்சகர்களை இரண்டாகப் பிரித்தது. இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

படத்தின் பெயர் 'ரவல்ஹெட்'. 'துவாய்த் தலை' என்பது பொருள். அமெரிக்காவில் அராபியரை இழிவுபடுத்தும் வசைச்சொல் இது. அலிஸியா எரியன் என்ற பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவி அலன் போல் இயக்கிய இப்படம், 2007இல் ரொறொன்ரோ விழாவில் வேறு பெயருடன் காட்டப்பட்டது. 2008இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

1990-91 வளைகுடா யுத்த காலம். ஜஸீராவுக்கு வயது 13. தகப்பன் லெபனானைச் சேர்ந்தவர், தாய் அமெரிக்கர். தாயின் காதலன் சிறுமியிடம் எல்லை மீறுகிறான். தாயோ மகளைக் குறைசொல்லி, ஹூஸ்டன் நகரின் புறநகர்ப் பகுதியில் வசிக்கும் தகப்பனிடம் அனுப்பிவிடுகிறார். தகப்பன் கடும் கண்டிப்பானவர், கைநீட்டி அடிப்பவர். வெளியே போனால் இனத்தைச் சொல்லிக் கேலி. இந்தத் தனிமையில், அன்பானவன் போல நெருங்கும் அயல்வீட்டு இராணுவ வீரன் அவளைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாக்குகிறான்.

பெயரை மாற்றும்படி அமெரிக்க முஸ்லிம் அமைப்பொன்று கேட்டது. அந்தச் சொல் தரும் வலியைக் காட்டவே பெயரை வைத்திருப்பதாக இயக்குநரும் நாவலாசிரியையும் விளக்கினர். பெயர் மாறவில்லை.

விமர்சகர்களில் ஒரு சாரார், பேசத் தயங்கும் விடயத்தைத் துணிவோடு பேசிய படம் என்றும், ஜஸீராவாக நடித்த சமர் பிஷிலின் நடிப்பு உண்மையானது என்றும் பாராட்டினர். படப்பிடிப்பின்போது பிஷிலுக்கு வயது 18. மறுசாராரோ, சிறுமியின் துன்பத்தை இவ்வளவு நெருங்கிக் காட்டுவது அவளை மீண்டும் சுரண்டுவதாகும் என்றனர். பயங்கரத்துக்கு நடுவே நகைச்சுவையும் வருவது அவர்களை உறுத்தியது. சிறுமிக்கே தன் உடல் பற்றிய ஆவல் இருப்பதாகக் காட்டியதும் பலருக்குப் பிடிக்கவில்லை.

கமெரா எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. காட்டாமலே உணர்த்தியிருக்கக்கூடிய இடங்கள் உண்டு. ஆனால் கடைசிக் குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். வளரும் பிள்ளைக்குத் தன் உடல் பற்றிய ஆவல் இயல்பு. குற்றம் செய்தவன் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். "நீயும் விரும்பித்தானே வந்தாய்" என்பான். பிள்ளையும் நம்பி, பிழை தன்னுடையதென்று வாய் மூடிவிடும். ஜஸீரா ஒருமுறை தாயாலேயே குற்றவாளியாக்கப்பட்டவள். பிறகு யாரிடம் சொல்வாள்?

படத்தில் அவளைக் காப்பாற்றுவது உறவினர் அல்ல. அயலில் வசிக்கும் கர்ப்பிணிப் பெண்ணொருவர் பிள்ளையின் நடத்தையில் மாற்றத்தைக் கவனிக்கிறார். விசாரித்து மிரட்டவில்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார். அந்த இடம் கிடைத்த பிறகுதான் ஜஸீரா உண்மையைச் சொல்கிறாள். குற்றவாளி கைதாகிறான்.

சகோதரிகளே, யுத்தமும் இடப்பெயர்வும் நம் வீடுகளின் காவலை உடைத்துவிட்டன. தாய் கூலிவேலைக்குப் போனால் பிள்ளை யாரோ ஒருவருடைய பொறுப்பில்தான் இருக்கிறது. அது தாயின் குற்றமல்ல. ஆனால் அயலில் உள்ள பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், ஒரு வீட்டுக்குப் போக மறுத்தால், காரணமில்லாத காசோ பரிசோ கையில் வைத்திருந்தால், கவனியுங்கள். பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். "உன்னில் பிழையில்லை" என்று சொல்லுங்கள். பிறகு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். குடும்ப மானம் போய்விடும் என்று மறைத்தால், காப்பாற்றப்படுவது குற்றவாளி மட்டுமே.