விருந்தினர் உண்டு, இல்லம் எங்கே?

"அது வெள்ளையர் இசை, தமிழனுக்கு அங்கே என்ன வேலை?" என்னும் குரல் கிள்ளான் வட்டாரத்தில் எழுவதுண்டு. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் இசையரங்கைக் கருதியே அவ்வாறு கூறுவர். 1998 ஆகஸ்டு 17ஆம் நாள் மலேசியப் பில்ஹார்மோனிக் இசைக்குழு அங்கே தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி, துவோர்ஷாக் முதலிய ரொமாண்டிக் காலத்துப் படைப்பாளர்களின் இசை அவ்வரங்கில் தொடர்ந்து ஒலித்து வந்துள்ளது. அதை விரும்புவதும் விரும்பாததும் அவரவர் உரிமை. ஆனால், அது நடைபெறும் முறையைக் காண மறுப்பது பேதைமை.

அம்முறை யாது? அயல்நாட்டு வயலின் வல்லுநர் ஒருவர் விருந்தினராக வருகிறார். முற்பகுதியில் குழுவோடு சேர்ந்து ஒரு கான்செர்ட்டோவை வாசித்து விடைபெறுகிறார். பிற்பகுதியில் முழுச் சிம்பொனியையும் வாசிப்பது அங்கேயே ஊதியம் பெற்று, ஒத்திகை செய்து வாழும் குழு. அக்குழுவே இல்லம். இல்லம் இருப்பதனாலன்றோ விருந்து சிறக்கிறது!

தமிழர் நடத்தும் கலை இரவுகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. போர்ட் கிள்ளானிலும் இதே கதைதான். தமிழகத்திலிருந்து பாடகர் வருவார்; வரவேற்புப் பதாகைகள் எழும்; பணம் ஓரிரவில் கரையும். மறுநாள் எஞ்சுவது என்ன? உள்ளூர் நாதசுர, தவில், மிருதங்கக் கலைஞர்கள் கோயில் திருவிழாவும் திருமணமும் அழைக்கும் நாளுக்காகக் காத்திருக்கின்றனர். அவர்கள் ஒன்றுகூடிப் பயில நிலையான குழு எங்கே? 1981இல் தோன்றிப் பிரிக்பீல்ட்ஸில் இசையும் நடனமும் பயிற்றிவரும் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' போன்ற நிறுவனங்கள் விதிவிலக்குகள். விதிவிலக்கைக் காட்டிச் சமுதாயம் தன் கடமையைத் தட்டிக்கழிக்கலாகாது.

"எண்ணெய் நிறுவனத்தின் செல்வம் தமிழருக்கு ஏது?" என்று வினவுவோர் செக் மக்களின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த அவர்கள் தம் மொழிக்கென ஓர் அரங்கம் வேண்டிப் பொருள் திரட்டினர். 1868இல் பிராக் நகரில் அடிக்கல் நாட்டினர். 1881இல் அது தீக்கிரையாயிற்று. மீண்டும் திரட்டினர், 1883இல் மீண்டும் திறந்தனர். அவ்வரங்கம் எழுமுன்னரே 1862இல் ஒரு தற்காலிக அரங்கை அமைத்து இசைக்குழுவும் வைத்திருந்தனர். அதில் வியோலா வாசித்த இளைஞரே துவோர்ஷாக். குழுவின் நடுவில் அமர்ந்து கற்றவர், 1878இல் தம் நாட்டு ஆடல் மெட்டுகளின் சாயலில் 'ஸ்லாவிய நடனங்கள்' படைத்து ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தார். இல்லம் முன்னே, மேதை பின்னே.

2025 மார்ச் 8ஆம் நாள் இளையராஜாவின் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியபோது உலகத் தமிழர் பூரித்தனர். அதை வாசித்தது இலண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் குழு. படைப்பவர் தமிழர், வாசிக்கும் குழுவோ வேற்றூரது. பூரித்தவர்கள் இவ்வுண்மையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியத் தமிழர் இயலாதவர் அல்லர். 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற எளிய தொழிலாளரும் ஈந்தனர். அந்த மரபினருக்கு ஓர் இசைக்குழு பெரும்பாரமா? கோயில் நிருவாகங்களும் இயக்கங்களும் ஒரு கலை இரவின் செலவை ஒதுக்கட்டும். நாதசுரம், தவில், வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் பயிலும் இளையோர் வாரந்தோறும் கூடட்டும். ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சிகள் வழங்கட்டும். தமிழாசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் சென்று கேட்கச் செய்யட்டும். தமிழகத்துக் கலைஞர் தாராளமாக வரலாம். ஆனால், உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்க இசைபவருக்கே இனி மாலை விழ வேண்டும்.