டயர் பெரிதானால் பல்லும் மாற வேண்டும்

நான் சொந்தமாகக் கார் வைத்திருந்தவன் இல்லை. புதுச்சேரி அரசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். வேலைக்குப் போனதெல்லாம் சைக்கிளில். கடைசிச் சில வருடங்கள் மட்டும் ஒரு மொபெட். இப்படிப்பட்டவன் அமெரிக்க பிக்கப் வண்டியின் அச்சைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். பேரன் ஓட்டுகிற வண்டியில் நானும் என் மனைவியும் உட்கார்ந்து மலை ஏறி இறங்கியிருக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மகள் குடும்பம் டென்வரில் இருக்கிறது. சென்ற முறை போயிருந்தபோது பேரன் ஒரு பழைய பிக்கப் வாங்கி வைத்திருந்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, நான்கு கியர் ஆட்டோமேட்டிக், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின். வாங்கிய கையோடு லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தி, 35 அங்குல டயரும் மாட்டிவிட்டான். ஏறுவதற்கு என் மனைவிக்கு முக்காலி வேண்டியிருந்தது.

"எதற்குடா இவ்வளவு உயரம்?"

"மலைப் பாதைக்கு தாத்தா. கல்லுல அடி தட்டாது."

சரி, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையிலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம் வண்டி வரும் வேகத்தைப் பெரிய எண்ணில் காட்டும் பலகைகள் அங்கே உண்டு. வண்டியின் முள் 40 மைல் காட்டியது. பலகை 44 காட்டியது. பேரன் பலகை தப்பு என்றான். இரண்டு கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அது தொழில் வியாதி.

மறுநாள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்தேன். கராஜில் கழற்றிப் போட்டிருந்த பழைய டயரில் 265/70 ஆர் 17 என்று இருந்தது. கணக்குப் போட்டால் விட்டம் 31.6 அங்குலம். புதியது 35. வகுத்தால் சுமார் 1.11. முள் 40 காட்டும்போது உண்மை வேகம் 44. பலகை பொய் சொல்லவில்லை. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. வண்டிக்கு அது தெரியாது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. எங்கள் கணக்கு முசியே எதைக் கொடுத்தாலும் 'ரெக்ல் தெ த்ருவா' என்பார். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் திரைராசிகம் என்று படித்ததுதான் அது. தெரிந்த மூன்று எண்ணை வைத்துத் தெரியாத நாலாவதைக் கண்டுபிடிப்பது. பேரனின் வண்டிக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு அரைச் சைக்கிள், முழுச் சைக்கிள் நினைவிருக்கும். மணிக்கணக்கு வாடகைக்கு எடுப்போமே, அதுதான். அரைச் சைக்கிளை மேட்டில் சுலபமாக மிதிக்கலாம். சமதரையில் கால் பறக்கும். அதே பல்சக்கரத்தோடு பெரிய சக்கரத்தை மாட்டிப் பாருங்கள், மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பிக்கப்பும் அப்படித்தான்.

எஞ்சினிலிருந்து வரும் தண்டு அச்சுக்குள் போய் முடிகிற இடத்தில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரியதில் 41 பல், சிறியதில் 11 பல் என்றால் விகிதம் 3.73. அதாவது தண்டு 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பேரன் வண்டியில் இருந்தது இதுதான். அதே 41 பல்லுக்கு எதிரே 10 பல் பினியன் வந்தால் 4.10, 9 பல் வந்தால் 4.56. எண் பெரிதானால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும்.

டயர் 1.11 மடங்கு பெரிதானால் விகிதமும் அத்தனை மடங்கு பெரிதாக வேண்டும். 3.73ஐ அதனால் பெருக்கினால் 4.13. கடையில் கிடைப்பது 4.10. அதைப் போட்டால் வண்டி புதிதில் இருந்த நிலைக்குத் திரும்பும். கியர்பெட்டியின் வெளித்தண்டிலிருந்து வேகம் அளக்கும் வண்டியானால் முள்ளும் தானாகவே ஏறக்குறையச் சரியாகிவிடும்.

இதை நான் சொல்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. எல்லோரும் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாக மலைக்குப் போனோம். டென்வரே 5,280 அடி உயரம். சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்பார்கள். மேலே போகும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதற்கு மேல் பெரிய டயரின் கனம், உயர்ந்த வண்டியை அடிக்கிற காற்று. ஓவர்டிரைவில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. மூன்றாம் கியர், இரண்டாம் கியர், மறுபடி மூன்று என்று வண்டி தவித்தது. இப்படி மாறி மாறி விழுந்தால் கியர்பெட்டி எண்ணெய் சூடாகிக் கெடும்.

ஏற்றம் பரவாயில்லை, மெதுவாகப் போகலாம். திரும்பும் இறக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. கியரைக் குறைத்தும் எஞ்சின் வண்டியைப் போதுமான அளவு பிடித்து நிறுத்தவில்லை. பேரன் பிரேக்கையே நம்பி வந்தான். பெரிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்கும் வேலை அதிகம். பாதி இறக்கத்தில் கருகிய வாடை வந்தது. என் மனைவி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டோம்.

அன்று இரவு மருமகன், "எல்லாத்தையும் கழட்டி வித்துடு" என்றார். பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் காகிதம் எடுத்தேன். மணிக்கு 65 மைல் வேகத்தில், ஓவர்டிரைவில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதினேன். பழைய டயரும் 3.73உம்: 1,800. பெரிய டயரும் 3.73உம்: 1,630. பெரிய டயரும் 4.10உம்: 1,790. பெரிய டயரும் 4.56உம்: 1,990.

"4.56 போட்டா பெட்ரோல் குடிக்குமே தாத்தா?"

சமதரையில் கொஞ்சம் கூடலாம். ஆனால் 1,630 சுற்றில் மேட்டை இழுக்க முடியாமல் கீழ்க் கியருக்கு விழுந்து 2,300இல் கத்துகிற வண்டி மட்டும் என்ன சிக்கனம்? அவன் வாரம் தவறாமல் மலைக்குப் போகிறவன். அவனுக்கு 4.56 என்பது என் தீர்ப்பு. டென்வர் தெருக்களோடு நிற்கிறவனுக்கு 4.10 போதும். எட்டு, பத்து கியர் உள்ள இந்தக் காலத்து வண்டியானால் மாற்றாமலே சமாளிக்கலாம். 4.56இலும் குறை உண்டு: பல் குறைந்த சின்ன பினியன் அத்தனை பலமில்லை, வேகமுள் இப்போது அதிகமாகக் காட்டும், கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும். வண்டியின் உயரத்தால் வரும் ஆபத்தை எந்தப் பல்லும் தீர்க்காது.

செலவுதான் பெரிய தடை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து உடைந்துபோகும். கடைக்காரர் 2,500 டாலர் கேட்டார். அதில் பெரும்பகுதி கூலி. பல்லும் பல்லும் தொடுகிற இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்று அளந்து, பல்லில் சாயம் பூசித் தடம் பார்த்துப் பொருத்துகிற வேலை. தப்பினால் ஊளையிடும், பிறகு உடையும். கூலியில் பேரம் பேசாதே என்று பேரனிடம் சொன்னேன்.

அவன் கையில் பணம் இல்லை. டயருக்கே கடன். என் பணிக்காலத்தில் இப்படிப் பல கோப்புகள் பார்த்திருக்கிறேன். கட்டடத்துக்கு அனுமதி வாங்கிவிடுவார்கள். மின் இணைப்பு மதிப்பீட்டில் இருக்காது. கட்டடம் இருட்டில் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற டயருக்கு முதலில் செலவழித்துவிட்டு, தெரியாத பல்லை "அப்புறம் பார்க்கலாம்" என்பதும் அதே வகைதான். 35 அங்குல டயரின் விலை டயர் கடைப் பலகையில் இருப்பது அல்ல. அதோடு 2,500 சேர்த்தது. கட்டாதென்றால் 33 அங்குலத்தோடு நின்றிருக்கலாம், அல்லது வாங்காமலே இருந்திருக்கலாம்.

வாங்கியாகிவிட்டது. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். "பணம் சேர்கிறவரை பழைய டயரை மாட்டிக்கொள். பாட்டிக்காகச் செய்."

உயர்த்திய வண்டியில் சின்ன டயர் மாட்டினால் வயலில் கொக்கு நிற்கிற மாதிரி இருக்கும். நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று இரண்டு நாள் முனகினான். மூன்றாம் நாள் காலை ஜாக்கி போட்டுத் தானே மாற்றினான். நான் நட்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.

நாங்கள் ஊர் திரும்பி நான்கு மாதம் கழித்துப் பேசினான். இரண்டு அச்சிலும் 4.56 போட்டாயிற்று. கடைக்காரர் சொன்னபடி முதல் 500 மைல் பாரம் இழுக்காமல் மெதுவாக ஓட்டி, அச்சு எண்ணெயையும் மாற்றிவிட்டானாம். சுரங்கத்துக்கு ஏறும்போது மூன்றாம் கியரை விடவே இல்லையாம்.

"இறக்கத்தில்?" என்றேன்.

"இரண்டாம் கியர்ல விட்டா அதுவே பிடிச்சுக்குது தாத்தா. பிரேக்கை அப்பப்ப தொட்டா போதும்."

போனைப் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னான். அவளிடமும் அதையே சொன்னான்.