கொள்ளளவா? பூட்டா?

மார்கழிக் காலையில் கோமுகி அணைக்கரையில் நின்று கல்வராயன் மலையைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் தெரிவது பனி போர்த்திய ஒரு நீலக் குவியலே. கதிரவன் ஏற ஏறப் பாறை தெரியும். பாறையின் நடுவே மரங்கள் தனித்தனியே தெரியும். மலை மாறவில்லை, நாம் காணும் நுணுக்கமே கூடியிருக்கிறது. கணிப்பொறித் திரையும் இத்தகையதே. புள்ளிகள் பெருகப் பெருகத் தெளிவு பெருகும்.

தமிழருக்கு இது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. 'கி'யைக் 'கீ'யாக்குவது ஒரு சிறு சுழி. மெய்யை மெய்யாக்குவது ஒரே ஒரு புள்ளி. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தமிழக வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அத்தகைய பெட்டியில் படம் தெரியும் கோடுகள் 576 மட்டுமே. அவையும் ஒன்றுவிட்டு ஒன்றாய் வரையப்படுபவை. நடிகரின் முகத்துக்கு அது போதும். பொடி எழுத்துப் பாடத்துக்குப் போதாது.

தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியையே கணிப்பொறியாக்க முயன்றோர் இந்தத் தடையைத்தான் முதலில் சந்தித்தனர். சோனி நிறுவனம் 2002-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிளேஸ்டேஷன் 2-க்கு லினக்ஸ் தொகுப்பு ஒன்றை விற்றது. விசைப்பலகை, சுட்டி, வன்தட்டு, கணிப்பொறித் திரையோடு இணைக்கும் கம்பி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பெட்டியின் பட நினைவகம் 4 மெகாபைட்டே! 1280 × 1024 புள்ளிகளுக்குப் புள்ளி ஒன்றுக்கு 4 பைட்டு என்றால் 5 மெகாபைட்டு வேண்டும்; கொள்ளாது. நிறங்களைக் குறைத்து 2 பைட்டாக்கினால் இரண்டரை மெகாபைட்டில் அடங்கும். நிறத்தை விட்டுக்கொடுத்து நுணுக்கத்தைப் பெறலாம். இது அணையின் கொள்ளளவைப் போன்ற இயற்கையான எல்லை. இதில் எவர்மீதும் குறையில்லை.

2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 வேறு கதை. அதிலும் லினக்ஸை நிறுவலாம். 1920 × 1080 புள்ளிகள் வரை திரையில் காட்டலாம். ஆயினும் படம் வரையும் சில்லின் முழு ஆற்றலை லினக்ஸ் நெருங்காதபடி ஒரு காவல் மென்பொருள் தடுத்தது. அணையில் நீர் இருந்தது, மதகு பூட்டியிருந்தது! 2010 ஏப்ரல் 1-இல் வந்த புதுப்பிப்போ லினக்ஸ் நிறுவும் வசதியையே நீக்கியது. புதுப்பிக்க மறுத்தவர்கள் இணையத்தில் பிறரோடு ஆடும் வசதியை இழந்தனர். பாதுகாப்புக்காக என்றது நிறுவனம். பாதுகாப்பு வேண்டாம் என்பார் யார்? ஆனால் விற்கும்போது காட்டிய வசதியை, விற்ற பின் பறிப்பது எவ்வகை நியாயம்? அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குமன்றம் ஏறியதில் வியப்பில்லை.

'எங்கோ நடந்த இதனால் கள்ளக்குறிச்சி மாணவனுக்கு என்ன?' என்று கேட்கலாம். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பூட்டப்படாத மதகு நம் மடியிலேயே கிடந்தது! அதைத் திறந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம், மூடி வைத்தோம். பிறர் போட்ட பூட்டைவிட நாமே திறவாத கதவு கொடியதன்றோ?

என் கருத்து இதுவே. ஒரு கருவி 'முடியாது' என்றால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. அது கொள்ளளவா, பூட்டா என்று கேட்க வேண்டும். கொள்ளளவு என்றால் கணக்குப் போட்டு வழி காண்போம்; பூட்டு என்றால் காரணம் கேட்போம். அப்படிக் கேட்கப் பழகும் இடமாக நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடம் அமைய வேண்டும். கழித்துப் போட்ட பழைய பொறிகளை மாணவரிடம் கொடுங்கள். லினக்ஸை நிறுவிப் பார்க்கட்டும். வெள்ளிமலையிலிருந்து பேருந்தேறி வரும் தம்பியும் தங்கையும் அந்தத் திரையில் தமிழைச் சுழி பிசகாமல் படிக்கட்டும்.

பனி தானே விலகும். பூட்டு தானே திறவாது, நண்பர்களே!