குங்குமப்பூவும் காது மடலும்

அம்பத்தூரில் ஒரு வளைகாப்பு. வளையல் அடுக்க வந்த அத்தை குனிந்து கேட்ட முதல் கேள்வி: "பால்ல குங்குமப்பூ போட்டுக் குடிக்கிறியாம்மா? புள்ள நல்ல கலரா பொறக்கும்." ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இந்த ஒரு வாக்கியத்தை நம்பியே குட்டிக் குங்குமப்பூ டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காசுக்கு அந்தப் பெண் ஒரு வாரம் முட்டையும் பழமும் சாப்பிட்டிருக்கலாம்.

பிள்ளையின் நிறத்துக்கான கணக்கு கரு தரித்தபோதே போட்டாயிற்று. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் பல மரபணுக்களின் கூட்டு அது. அவற்றில் ஒன்றான எஸ்எல்சி24ஏ5-இன் பங்கை 2005இல் வெளிறிய வரிக்குதிரை மீனை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதன் வெளிர்நிற வகை தமிழர்களிடமும் உண்டு. அக்கா மாநிறம், தம்பி கருப்பு என்று ஒரே வீட்டில் வருவது இந்தச் சீட்டுக் குலுக்கலால்தான். குங்குமப்பூ பாலை மஞ்சளாக்கும். அதோடு அதன் சாயவேலை முடிந்தது.

"எங்க பேரன் சிவப்பாத்தானே பொறந்தான்?" பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் பிறக்கின்றன. தோல் மெல்லிசு, அடியில் ஓடும் ரத்தம் தெரிகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் முழுதாகச் சேர மாதங்கள் ஆகும். இது பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். காது மடலைப் பார்த்து, "போகப் போகக் கறுத்துடும்" என்று சரியாகச் சொல்பவர்களும் அவர்கள்தான், குங்குமப்பூ வாங்கித் தருபவர்களும் அவர்கள்தான்!

1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகு கிரீம் 2020இல் வெட்கப்பட்டுப் பெயரையாவது மாற்றிக்கொண்டது. குங்குமப்பூ டப்பாவுக்கு அந்தச் சங்கடமும் இல்லை.

நம் தோல் கருத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை இருப்பது 13 பாகை வட அட்சரேகையில். ஆண்டு முழுக்கப் புற ஊதாக் கதிர் கொட்டும் இடம். அந்தக் கதிர் உடலிலுள்ள ஃபோலேட் சத்தைச் சிதைக்கும். மெலனின் குறுக்கே நின்று காக்கும். வெயில் குறைந்த வடக்கிலோ வைட்டமின் டி உண்டாகக் கதிர் உள்ளே போயாக வேண்டும், அதனால் அங்கே தோல் வெளுத்தது. ஆய்வாளர்கள் நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் தந்த விளக்கம் இது. ஃபோலேட் குறைந்தால் கருவின் தண்டுவடம் சரியாக மூடாமல் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பது ஏன் என்று நர்ஸைக் கேளுங்கள், இதைத்தான் சொல்வார்.

அம்பத்தூர்ப் பெண் காலையில் அந்த மாத்திரையை விழுங்குகிறாள். இரவில், அதே சத்தைக் காக்கும் தோல் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாதென்று பால் குடிக்கிறாள்.