பரீட்சையில் வராத பாடவேளை

அண்மையில் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, “வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் கணினி அறையில் என்னவோ தட்டிக்கொண்டிருக்கிறார்களாமே, அது பரீட்சையில் வருமா?” என்று கேட்டார். வராது என்பதே உண்மை. ஆகவே அடுத்த ஆண்டு முதல் அப்பாடவேளையைப் பத்தாம் வகுப்பினரின் கணிதத்திற்கு ஒதுக்கலாமா என்று ஆலோசனை நடப்பதாக அறிகிறோம். கணிதத்தின்மேல் எனக்குப் பகையில்லை. என் காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள் அதற்குத்தான் என்மேல் பகை என்பார்கள். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமைக்காகச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கணினி ஆசிரியைக்கு இதில் ஒரு பித்து உண்டு என்று எழுதினால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள். சீட்டுக்கட்டு அளவேயுள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி ஒன்றைத் தம் சொந்தச் செலவில் வாங்கி, பீரோவின் மேல் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நோட்பேடில் எழுதும் பக்கங்களை அதில் ஏற்றினால், அறையிலுள்ள மற்றக் கணினிகளில் எல்லாம் அவை திறக்கும். இதற்கு வெளி இணைய இணைப்பே வேண்டாம். (இணையம் என்றதும் நெற்றி சுருக்கும் அன்னையர் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.) நான் எழுதிய முதல் பக்கத்தில் தமிழுக்குப் பதிலாகத் தொப்பியும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகள் வந்து நின்றன. ஆசிரியை விடை சொல்லவில்லை. “தேடிப் பார்” என்று போய்விட்டார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை கழிந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில், இது யு.டி.எஃப்.-8 குறிமுறை என்று அறிவிக்கும் ஒற்றை வரியை நான் விட்டிருந்தேன்! அவ்வரியைச் சேர்த்ததும் ‘அ’ எழுந்து வந்ததே, அந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன்.

எந்த வலைப்பக்கத்தையும் கணினியில் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் யு எழுத்தை அழுத்தினால், அது எழுதப்பட்ட விதம் தெரியும். தையல் வகுப்பில் நல்ல ரவிக்கையை உட்புறம் திருப்பித் தையலைப் பார்ப்போம் அல்லவா, அதுபோல. பெரிய நிறுவனங்களின் பக்கங்களைத் திருப்பினால் ஒரே நூற்சிக்கல்தான். தனியொருவர் கையால் எழுதிய பக்கமோ ஒவ்வொரு தையலும் எண்ணும்படி இருக்கிறது.

வலை இப்படித் திறந்து கிடப்பது தற்செயல் அன்று. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் செர்ன் அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தப் பொதுவுடைமையாக்கியது. அதே ஆண்டில், அப்போது புகழோடு இருந்த கோஃபர் என்னும் முறைக்கு மினசோட்டா பல்கலைக்கழகம் சிலரிடம் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. பலர் அதைவிட்டு விலகினர். இன்று கோஃபரை யாருக்குத் தெரியும்? நம் தமிழிலும், 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையில் வைத்தார்கள். தமிழ் எழுத்துக்குப் பொதுவான குறிமுறையே நிலைபெறாத காலம் அது! எழுத்துரு இல்லாத கணினியில் அவர்கள் பக்கமும் என் முதல் பக்கத்தைப் போலத்தான் தெரிந்திருக்கும்.

இனி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் ஆச்சி தவக்காலத்தில் பாடும் வியாகுலப் பாட்டு எங்கள் தெருவில் பெயர் பெற்றது. நான் நான்காம் வகுப்பில் இருக்கையில் அக்கா அதைப் பதிவு செய்து, எல்லாரும் அப்போது வைத்திருந்த ஒரு கைப்பேசிச் செயலியில் ஏற்றினாள். “அங்கேதான் இருக்கிறதே” என்று தன் கைப்பேசியிலிருந்து அழித்தும்விட்டாள். மறு ஆண்டு ஆச்சி இறைவனடி சேர்ந்தார்கள். அதற்குச் சில மாதங்களில் அந்தச் செயலியும் நின்றுபோனது. அக்கா இன்றும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சொந்தப் பக்கம் என்பது சொந்த வீடு என்று எங்கள் ஆசிரியை சொல்வார்கள். இவ்விடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். வலையில் நமக்கென ஒரு பெயர் வேண்டுமானால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பெயர் போய்விடும். அதுவும் வாடகை வீடுதான். மேலும், அப்பா வேலை முடிந்து வந்தபின் அரைமணி நேரம் கிடைக்கும் கைப்பேசியைத் தவிர வேறு கணினி இல்லாத எங்களைப் போன்றோர் அவ்வீட்டை எங்கே கட்டுவது? ஆனால் கையால் எழுதிய கோப்பு நம்மிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியே போகச் சொன்னால் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போகலாம். பல்லாயிரம் பேர் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009-இல், ஜப்பான் நீங்கலாக, யாகூ நிறுவனம் மூடியபோது, தன்னார்வலர்கள் முடிந்தவரை அப்பக்கங்களைப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். எளிய கோப்புகளாக இருந்ததனால் அன்றோ அது முடிந்தது! அக்காவுக்கு இதை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவள் பரீட்சையிலும் இது வரவில்லை.

ஆச்சியின் குரல் இனி வராது. பாட்டின் சொற்களை மட்டும் அம்மா நினைவிலிருந்து சொல்ல, நான் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து கண்ணிகளில் நான்கு கிடைத்துவிட்டன. தாயார் சிலுவையடியில் நிற்கும் மூன்றாம் கண்ணி அம்மாவுக்கு நினைவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். உங்களில் யாருடைய பாட்டிக்காவது அது தெரிந்திருந்தால் எழுதி வாங்கி வாருங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கணினி அறையில் இருப்பேன், அப்பாடவேளை அப்போதும் இருந்தால்.